டி.டி.எஸ் 350, ஃபுளோரைடு 1.8: ஆர்.ஓ. இருந்த வீட்டில் நடந்தது

பின்னணி

தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். வீட்டில் ஐந்து பேர்: தக்காளி மண்டிக்கு வண்டி ஓட்டும் அப்பா, வீட்டையும் இரண்டு மாடுகளையும் பார்த்துக்கொள்ளும் அம்மா, நாலாவது படிக்கும் மகள், மூன்று வயது மகன், அப்பாவைப் பெற்ற பாட்டி. தண்ணீர் ஆய்வு அறிக்கைகளைப் படித்து விளக்கிச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அப்படித்தான் இந்த வீடு எனக்குப் பழக்கமானது.

வீட்டுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று சொந்த போர், நானூறு அடிக்கு மேல் ஆழம். இன்னொன்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஊரில் எல்லாருக்கும் அது 'காவேரித் தண்ணி'. நான்கைந்து நாளைக்கு ஒருமுறை வரும், வரும்போது வீட்டு முன்னால் இருக்கிற சம்பில் விழும். சம்பு நிறையவில்லை என்றால் போர் மோட்டாரைப் போட்டு அதே சம்பை நிரப்புவார்கள், அங்கிருந்து மாடித் தொட்டி, மாடித் தொட்டியிலிருந்து எல்லாக் குழாய்க்கும். இந்தப் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான்.

இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு ஃபுளோரைடு புதிதில்லை. கருங்கல் பாறை, அதில் இருக்கும் அபடைட், பயோடைட் மாதிரியான கனிமங்கள், பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் தங்கிக் கிடக்கும் நீர், இவ்வளவும் சேர்ந்தால் ஃபுளோரைடு கரைந்து வரும். நீரில் கால்சியம் குறைவாகவும் சோடியம் பைகார்பனேட் தூக்கலாகவும் இருந்தால் இன்னும் அதிகமாக வரும். ஃபுளோரைடு அதிகமானால் பல்லும் எலும்பும் கெடும், ஃபுளோரோசிஸ் என்பார்கள். தென்னிந்தியாவில் இந்த நோய் பதிவாகி ரொம்ப காலமாகிறது, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் 1937-லேயே ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கவென்றே ஜப்பான் நிதி நிறுவனத்தின் கடனுதவியோடு ஒகேனக்கல் திட்டம் கட்டப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ் 10500-ன்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஆர்.ஓ. வந்த விதம்

மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது வீட்டுக்கு ஒரு விற்பனையாள் வந்திருக்கிறார். கையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டுவது), இன்னொரு பையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவி. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கி, ஒன்றில் மாடித் தொட்டித் தண்ணீர், ஒன்றில் தான் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வு வழியே அழுத்தி எடுத்த தண்ணீர். கம்பிகளை இறக்கி ஸ்விட்சைப் போட்டதும் தொட்டித் தண்ணீர் மஞ்சளாகி, செம்பழுப்பாகி, மேலே பச்சை கலந்த கசடு திரண்டது. ஆர்.ஓ. டம்ளர் அப்படியே தெளிவு. "இதத்தாம்மா புள்ளைக்கு ஊத்திக் குடுக்குறீங்க" என்று ஒரே ஒரு வாக்கியம். அன்று சாயங்காலமே முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மீதி மாதத் தவணை.

அந்தக் கசடு தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை. கம்பியில் ஒரு ஜோடி இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், மின்சாரம் ஓடினால் இரும்பு அரிக்கும், அந்தத் துருதான் டம்ளரில் மிதந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாக ஓடவில்லை, அவ்வளவுதான் விஷயம். அந்தத் தெளிவான டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு ஸ்விட்சைத் தட்டச் சொல்லியிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். நல்ல காவிரித் தண்ணீரை வைத்திருந்தாலும் பழுப்பாகியிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பொய்யான காரணத்தைச் சொல்லி விற்ற பொருள் இந்த வீட்டுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய பொருள். ஆர்.ஓ. சவ்வு ஃபுளோரைடில் பெரும்பங்கைத் தடுத்துவிடும், நல்ல நிலையில் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு. ஆனால் வீட்டுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அதனால் பொருத்தியபோது நடந்த ஒரு சின்ன விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பல் மருத்துவ முகாமும் அதற்குப் பிறகும்

இரண்டு வருஷம் கழித்து பள்ளியில் பல் மருத்துவ முகாம். மகளின் முன்பற்களில் குறுக்கே சுண்ணாம்பு வெள்ளையில் கோடுகள், நடுவில் பழுப்புத் திட்டுகள். சரியாக விளக்காததால் வந்த கறை என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள், பாட்டி கரித்தூளும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொல்லி அதுவும் நடந்திருக்கிறது. பார்த்த பல் மருத்துவர் இது தேய்த்துப் போகிற கறை இல்லை, பல் உருவாகும்போதே எனாமலுக்குள் விழுந்தது, தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அம்மாவுக்கு வந்த முதல் சந்தேகம் நியாயமானது: "வீட்ல ஆர்.ஓ. இருக்கே, அப்புறம் எப்படி?" அதற்குப் பாதி பதில் எளிது. நிரந்தரப் பல்லின் எனாமல் ஈறுக்குள் உருவாவது குழந்தைப் பருவத்தில், முன்பற்களுக்கு அதில் முதல் சில வருஷங்களே முக்கியம். ஆர்.ஓ. வந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது, முன்பற்களில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. ஆனால் தம்பிக்கு இப்போதுதான் மூன்று வயது. அவன் முன்பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிற நேரம் இது. அவன் என்ன தண்ணீர் குடிக்கிறான் என்பதுதான் உடனே பார்க்க வேண்டியதாக இருந்தது.

சாம்பிளில் தெரிந்தது

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம், அங்கேதான் கொடுத்தார்கள். வழக்கமாக எல்லாரும் ஒரு பாட்டில் கொண்டுபோவார்கள். இந்த வீட்டுக்கு நான் மூன்று பாட்டில் சொன்னேன், ஏனென்றால் வருவது ஒரு தண்ணீர் இல்லை: போர் குழாய் வாயில் ஒன்று, காவிரித் தண்ணீர் சம்பில் விழும் இடத்தில் ஒன்று, ஆர்.ஓ. குழாயில் டம்ளரில் பிடிக்கிற தண்ணீர் ஒன்று. மாடித் தொட்டியில் எடுப்பதில் பிரயோஜனமில்லை, அங்கே இன்றைக்கு ஒரு கலவை, நாளைக்கு ஒரு கலவை. அந்த வாரம் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து நாளாகியிருந்தது, தொட்டியில் கிட்டத்தட்ட முழுக்க போர்த் தண்ணீர்தான். ஆர்.ஓ.வைச் சோதிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. (காவிரி சாம்பிளை அடுத்து தண்ணீர் வந்த அன்று எடுத்துக் கொடுத்தார்கள்.)

வந்த எண்கள், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். போர்: டி.டி.எஸ் 820, ஃபுளோரைடு 4.2. நைட்ரேட் 38, வரம்பான 45-க்குள். கடினத்தன்மை கொஞ்சம் அதிகம், ஆனால் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள். காவிரி: டி.டி.எஸ் 260, ஃபுளோரைடு 0.4.

ஆர்.ஓ. டம்ளர்: டி.டி.எஸ் 350, ஃபுளோரைடு 1.8.

மூன்றாவது எண்ணைப் பார்த்து வீட்டில் எல்லாரும் மெஷின் பழுது என்றார்கள். டி.டி.எஸ்ஸோ 350, 'நல்ல தண்ணி' என்று விற்பனையாள் சொன்ன அளவு. ஃபுளோரைடோ 1.5-ஐத் தாண்டியது. டி.டி.எஸ் மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும்தான், அதை ஒரு கணக்கால் பெருக்கி மொத்த உப்பு என்று காட்டும். அந்த உப்பில் 4 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

அந்த வால்வு

மெஷின் பழுதில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் சவ்வுக் குழலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு திருகு, டி.டி.எஸ் கன்ட்ரோலர் என்பார்கள். பொருத்தின நாளில் ஆர்.ஓ. தண்ணீர் டி.டி.எஸ் 45 என்று காட்டியிருக்கிறது, குடித்துப் பார்த்த பாட்டி சப்பென்று இருக்கிறது என்றாராம். வந்த பையன் "சத்து கம்மியா இருக்கும் பாட்டி, மினரல் சேத்து விடுறேன்" என்று திருகியிருக்கிறார். அவர் ஒன்றும் மினரல் சேர்க்கவில்லை. சவ்வு வழியே போகாத பச்சைத் தண்ணீரில் ஒரு பங்கு, அல்ட்ரா வயலட் விளக்கை மட்டும் கடந்து, நேராக நல்ல தண்ணீரோடு கலக்கும்படி பாதையைத் திறந்துவிட்டார். கால்சியம் வந்தது, மெக்னீசியம் வந்தது, ஃபுளோரைடும் கூடவே வந்தது.

கணக்குப் போட்டாலே தெரியும். 45-ஐயும் 820-ஐயும் கலந்து 350 வர வேண்டுமென்றால் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பங்கு பச்சைத் தண்ணீர் சேர வேண்டும். 4.2-ல் நாற்பது சதம் 1.7. சவ்வைக் கடந்து வரும் கொஞ்சத்தையும் கூட்டினால் 1.8. ஆய்வகம் கொடுத்த எண்ணும் அதுதான். திருகை முழுக்க மூடி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி சாம்பிள் கொடுத்ததில் டி.டி.எஸ் 45, ஃபுளோரைடு 0.3.

இதற்குள் இன்னொன்றும் கண்ணில் பட்டது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா களி கிண்ட உலை வைத்தார், தண்ணீர் பிடித்தது ஆர்.ஓ.வில் இல்லை, சிங்க் குழாயில். கேட்டதற்கு "சமையலுக்கெல்லாம் ஆர்.ஓ. தண்ணி கட்டுபடியாகுமா? கொதிக்கத்தானே போகுது" என்றார். கிருமிக்கு அந்தப் பதில் சரி. ஃபுளோரைடு கொதித்துப் போகாது, தண்ணீர் ஆவியாக ஆக மிச்சத்தில் அடர்த்தி கூடத்தான் செய்யும். களி ஊற்றின தண்ணீரை அப்படியே உள்ளே வைத்துக்கொள்ளும், வடிக்கிற வேலையே கிடையாது. பருப்பும் குழம்பும் அப்படித்தான். பாட்டியின் வறட் டீ ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர், அதுவும் சிங்க் குழாய்த் தண்ணீரில், தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு என்பது தனி. தம்பிக்குக் குடிக்க ஆர்.ஓ., சாப்பிடக் களி. இப்படிப் பார்த்தால் அவன் உடம்புக்குள் போனதில் எவ்வளவு டம்ளர் வழியாகப் போனது, எவ்வளவு தட்டு வழியாகப் போனது என்று சொல்ல முடியாது.

மூன்றாவதாக, கழிவுநீர். மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டரை வெளியே தள்ளியது. வீணாக்கக் கூடாது என்று அந்தக் குழாயை மாட்டுத் தொட்டியில் விட்டிருந்தார்கள். உள்ளே போகும் ஃபுளோரைடு எங்கும் மறைந்துவிடாது, சவ்வு தடுத்ததெல்லாம் இந்த மூன்று லிட்டரில் இருக்கும், கணக்குக்கு லிட்டருக்கு 5.5 வரை. மாடுகளுக்கும் பல்லும் எலும்பும் இதனால் கெடும்.

எதை எடுத்தோம், எதை விட்டோம்

அப்பா முதலில் சொன்னது, கேன் தண்ணீருக்கு மாறிவிடலாம். குடிக்க மட்டும் என்றால் முடியும். சமையலையும் சேர்த்தால் ஐந்து பேருக்கு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து லிட்டர், அதாவது தினம் கிட்டத்தட்ட இரண்டு கேன். பத்து நாளில் சமையல் மறுபடி சிங்க் குழாய்க்கே போயிருக்கும்.

ஃபுளோரைடை மட்டும் பிடிக்கிற ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வீணாகாது, நல்ல முறைதான். ஆனால் அது கொஞ்சம் அமிலத் தன்மையுள்ள நீரில்தான் திறமாக வேலை செய்யும். இந்த போரின் பி.எச் 8-க்குப் பக்கம், அதாவது காரத் தன்மை, பைகார்பனேட்டும் தூக்கல். சீக்கிரம் நிறைந்துவிடும், நிறைந்தால் ரசாயனம் விட்டுக் கழுவி மீட்க வேண்டும், அதைச் செய்து தர அந்தப் பக்கத்தில் ஆளில்லை. நிறைந்துவிட்டதா என்பதையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைக்கும் நல்கொண்டா முறையையும் பேசினோம், நாக்பூரின் நீரி நிறுவனம் கொண்டுவந்தது. 4.2 அளவுக்குப் படிகாரம் நிறையப் போட வேண்டியிருக்கும், தினம் அளந்து, கலக்கி, காத்திருந்து வடிக்க வேண்டும். மாடு கறந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற ஒருவர் தலையில் இதையும் கட்டுவதா என்று விட்டுவிட்டோம். கடைக்காரர் ஒருவர் சாஃப்ட்னர் சொல்லியிருந்தார். அது கால்சியத்தை எடுத்து சோடியத்தைக் கொடுக்கும், ஃபுளோரைடைத் தொடாது. கார்பன், கேண்டில், யு.வி. (அல்ட்ரா வயலட் விளக்கு), யு.எஃப். (நுண் வடிகட்டி) எதுவுமே ஃபுளோரைடைத் தொடாது.

உண்மையில் பதில் வாசலிலேயே இருந்தது. 0.4 ஃபுளோரைடு உள்ள தண்ணீர் வீடு தேடி வருகிறது, அதை 4.2 தண்ணீரோடு கலந்து கெடுத்து, பிறகு மெஷின் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிளம்பரை வைத்து காவிரிக் குழாயில் சம்புக்கு முன்னாலேயே குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஒரு 'டீ' இணைப்பு, ஒரு வால்வு. தரை மட்டத்திலேயே, குழாய் அழுத்தத்துக்கு எட்டும் உயரத்தில், 500 லிட்டர் மூடித் தொட்டி ஒன்று. அதிலிருந்து அடுப்படிக்கு ஒரு தனிக் குழாய். நாளைக்கு முப்பத்தைந்து லிட்டர் கணக்கில் இரண்டு வாரத்துக்குத் தாங்கும். தொட்டி, குழாய், கூலி எல்லாம் சேர்த்து ஆர்.ஓ. விலையில் பாதிகூட ஆகவில்லை. நாள்கணக்கில் தேங்கினால் குளோரின் போய்விடும், அதனால் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கச் சொன்னேன். இந்தத் தண்ணீருக்குக் கொதிக்கவைப்பதே போதும்.

ஆர்.ஓ.வைத் தூக்கிப் போடவில்லை. காவிரித் தண்ணீர் வராத நாட்களுக்காகத் திருகை மூடியபடி வைத்துக்கொண்டார்கள். கழிவுக் குழாயை மாட்டுத் தொட்டியிலிருந்து எடுத்து கழிவறை வாளிக்கு விட்டாயிற்று. சத்து குறையுமே என்ற பாட்டியின் கவலைக்கு, உடம்புக்குக் கால்சியம் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது, நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அந்தக் களியையே நல்ல தண்ணீரில் கிண்டினால் போதும் என்று சொன்னதும் அவருக்கு ரொம்பத் திருப்தி. தம்பி பேஸ்ட்டை விழுங்குகிற வயது, ஆகவே பட்டாணி அளவுக்கு மேல் வைக்க வேண்டாம், துப்பவைக்க வேண்டும் என்பது பல் மருத்துவர் சொன்னது.

பிறகு நடந்தது

அடுப்படிக் குழாயில் எடுத்த சாம்பிள்கள் 0.4, 0.5 என்றே வந்துகொண்டிருந்தன. அடுத்த கோடையில் எங்கோ பிரதான குழாய் உடைந்து மூன்று வாரத்துக்குப் பக்கமாகக் காவிரித் தண்ணீர் வரவில்லை, தொட்டி காய்ந்த பிறகு ஆர்.ஓ.வில்தான் சமையல் வரை ஓடியது. அப்போது டி.டி.எஸ் மீட்டருக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. திருகு மூடியிருக்கும்போது 45 என்று காட்டியது இப்போது 110 காட்டியது, அதே நேரத்தில் ஆய்வகத்தில் ஃபுளோரைடு 0.6. சவ்வு தளர்கிறது என்று பொருள். ஃபுளோரைடைக் கண்டுபிடிக்க உதவாத மீட்டர், சொந்த மெஷினின் சவ்வு எப்போது கிழடாகிறது என்று பார்க்க நன்றாகவே உதவுகிறது. 150-ஐத் தொட்டால் சவ்வை மாற்றுவது என்று முடிவு.

ஒருமுறை வருடாந்திர சர்வீசுக்கு வந்தவர் 'டி.டி.எஸ் ரொம்பக் கம்மி' என்று திருகில் கை வைத்திருக்கிறார். அம்மா விடவில்லை. இப்போது திருகின் மேல் டேப் ஒட்டி, "திறக்கக் கூடாது" என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது.

மகளின் பல் அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர் மாறியதால் விழுந்த கறை போகாது. வளர்ந்த பிறகு மேலே பூச்சு வைத்து மறைக்கலாம் என்கிறார்கள். பாட்டிக்கு இடுப்பு விறைப்பு குறைந்த மாதிரி இருக்கிறதாம். எலும்புப் படத்தில் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை, வயசுக்கான தேய்மானமும் இருக்கிறது, இதைத் தண்ணீர் மாற்றத்தின் பலன் என்று நான் எழுதமாட்டேன். தம்பிக்கு ஐந்து வயதாகிறது. முன்பற்கள் விழுந்து புதிதாக முளைக்க ஆறு, ஏழு வயதாகும். மூன்று வயது வரை உள்ளே போனதற்கு அடையாளம் கொஞ்சம் இருக்கும் என்றே நினைக்கிறேன், அக்காவுடையதைவிடக் குறைவாக.

மாற்ற வேண்டியவை

வரிசை தலைகீழாக நடந்தது. சாம்பிள் முதலில், குழாய் வேலை அடுத்து, மெஷின் தேவைப்பட்டால் கடைசியில் என்று போயிருந்தால் இந்த வீட்டுக்குத் தவணையும் இல்லை, இரண்டு வருஷமும் வீணாகியிருக்காது. தெருவில் மற்ற வீடுகளுக்கும் இதையே அப்படியே சொல்லிவிட முடியாது. இரண்டு வீடு தள்ளி இருக்கிற போரில் ஃபுளோரைடு 0.9 தான் வந்தது, பாறை இடுக்கு மாறினால் தண்ணீரும் மாறும். அங்கே நைட்ரேட் வரம்புக்கு மேலே இருந்தது, பக்கத்தில் எருக்குழி. அந்த வீட்டுக்குப் பிரச்சினையும் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ் 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வுக்குத் தடை விதிக்கச் சொன்னது. தண்ணீர் வீணாவதை யோசித்தால் புரிகிறது, இந்த வீட்டுக் காவிரித் தண்ணீருக்கும் ஆர்.ஓ. தேவையே இல்லைதான். ஆனால் ஃபுளோரைடு வட்டாரத்தில் அந்த ஒரே எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. டி.டி.எஸ் 500-க்குள் இருந்தும் ஃபுளோரைடு 1.5-க்கு மேல் இருக்கும் போர் இருக்கலாம், இந்த டம்ளரே 350-ல் 1.8 காட்டியது.

மழைநீர்த் தொட்டி பேச்சில் இருக்கிறது. 300 சதுர அடி தளம், வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை, போகவர இழப்பைக் கழித்தாலும் 19,000 லிட்டர் தேறும், குடிக்கவும் சமைக்கவும் வருஷம் முழுக்கக் காணும். தொட்டி கட்டும் செலவுதான் இடிக்கிறது, தக்காளி விலை நிலையாக நின்றால் பார்க்கலாம் என்கிறார் அப்பா. அதுவரை போரை வருஷம் இரண்டு முறை, மே மாதம் ஒன்று, மழை முடிந்து ஒன்று என்று சோதிப்பதாக ஏற்பாடு. கோடையில் மட்டம் இறங்கும்போது 4.2 இன்னும் கூடுகிறதா என்பதைப் பார்த்துத்தான் ஆர்.ஓ. சவ்வை எவ்வளவு நாள் நம்பலாம் என்று சொல்ல முடியும்.